ஓரியூர் மண்ணு ஒரு பிடி

ஓரியூர் கோயிலுக்குப் போன கதைய எல்லாரும் சொல்றதப் பாத்து எனக்கும் சொல்லணும்னு தோணுச்சு. எங்க வீட்டுக்காரவுக ஆத்தங்குடில கையால டைல்ஸ் செய்யிறவுக. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டதும் ஆர்டர் எல்லாம் நின்னு போச்சு, புது வீட்டு வேலையே இல்ல, டைல் வார்க்கிறதுக்குப் பட்டறையில சாய்ச்சு வச்ச கண்ணாடியெல்லாம் தூசி படிஞ்சு கெடந்துச்சு. கூலி இல்லாதது கூட பரவால்ல, மனுசன் பேசுறதையே நிறுத்திட்டாக. திண்ணையில உக்காந்து ரோட்டையே பாப்பாக, சோறு வச்சா சாப்புடுவாக, அவ்ளோதான். நான் செபமாலையத் தூக்கி பீரோக்குள்ள போட்டுட்டேன். கோவம். யாரு மேலன்னு கேட்டா ஆண்டவர் மேலதான், வேற யாரு இருக்கா.

பஸ் விட ஆரம்பிச்சதும் அத்தை ஓரியூர் போவோம்னு ஒரே நச்சரிப்பு, சரின்னு தேவகோட்டை, திருவாடானை வழியா போனோம். 1693 பிப்ரவரி 4 அன்னிக்கு போர்ச்சுகல்லேந்து வந்த சாமியாரு புனித அருளானந்தர (ஜான் டி பிரிட்டோ) வெட்டுன எடம், அவரு ரத்தம் பட்டுத்தான் மண்ணு செவந்துச்சுன்னு நம்புறோம். அதுக்கு முந்தின நாள் காவல்ல மை இல்லாம கரியத் தண்ணில கரைச்சு லெட்டர் எழுதினாராம். அத்தை நூறு தடவ சொன்ன கததான், அன்னிக்குத்தான் காதுல ஏறுச்சு. நாளைக்கு சாகப் போறவரு உக்காந்து கரி கொழைச்சிருக்காரு பாருங்க! எனக்கு செபம் ஒண்ணும் வாயில வரல, அழுதேன். அத்தை ஒண்ணும் கேக்காம முந்தானையில ஒரு பிடி மண்ண முடிஞ்சாக.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரவுக நெத்தியில வைக்கப் போனா, கையில வாங்கி கட்டவெரலால தேய்ச்சுப் பாத்தாக, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போயி இன்னொரு தடவ தேய்ச்சாக. "மண்ணு நல்ல செவப்பு, ஆனா டைலுக்கு நம்மூர் மண்ணு மாதிரி வராது"ன்னாக. அஞ்சாறு மாசத்துல தொழிலப் பத்தி வந்த மொத பேச்சு அது! "அடேய் அது புனித மண்ணுடா"ன்னு அத்தை திட்ட, எனக்கு சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துருச்சு.

மறுநாள் காலைல பட்டறைக்குப் போயி கண்ணாடியக் கழுவுனாக. ஆர்டர் எதுவும் வரல, வர இன்னும் மூணு மாசம் ஆச்சு, கடன் இப்பவும் பாக்கி இருக்கு. சும்மா அச்சு வச்சு கலர் ஊத்தி நாலே நாலு டைல் போட்டாக. இப்ப எங்க வீட்டு திருஇருதய படத்துக்குக் கீழ பதிச்சிருக்கோம். ஒண்ணுல பச்சை கோடு தாண்டி ஓடிருக்கு, கைப்பழக்கம் விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே அதத்தான் நடுவுல வச்சாக.