தை மாதம் முதல் கச்சேரி: மூன்று மாதம் உப்புக்காற்றில் கிடந்த ஆர்கெஸ்ட்ரா சாமானை எப்படித் தயார் செய்வது?

வாடைக்காற்று கேட்டது:

வணக்கம். 9 பேர் கொண்ட மெல்லிசைக் குழு. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையால் கச்சேரி கிடையாது. கீபோர்டு, மிக்சர், ஆம்ப், ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் ஓட்டு வீட்டில் பூட்டிக் கிடக்கின்றன. தை மூன்றாவது வாரம் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே ஓர் ஊரில், கடற்கரை அம்மன் கோயில் திடலில் சீசனின் முதல் கச்சேரி. திடல் 120 அடி நீளம். கிழக்கே கடல், மேற்கே கோயில்.

இப்போது தெரியும் கோளாறுகள்: கீபோர்டில் நாலைந்து கட்டைகள் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் அடிக்கின்றன, இரண்டு பேசவே இல்லை. மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை நகர்த்தினால் கரகரப்பு. ஜெனரேட்டரில் ஓட்டினால் ஹம் (ஓயாத 'ம்ம்' இரைச்சல்).

இதைவிடப் பெரிய கவலை ஜனம்தான். போன சீசனில் பின்னால் உட்கார்ந்தவர்கள் "சத்தம் வருது, பாட்டு வரி புரியல" என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அவர்களைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். மேடையை எந்தப் பக்கம் போடுவது, சாமானை எந்த வரிசையில் சரி செய்வது?

---

சால்டரிங் பதில்:

முதலில் கீபோர்டு. நீங்கள் சொல்லும் அறிகுறி உப்புப் படிந்த கான்டாக்ட்தான் (மின்சாரம் தொடும் இடம்), சர்க்யூட் போர்டு போகவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் பட்டையில் இரண்டு கரித் திட்டுகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முன்னால் தொடும், மற்றது பின்னால் தொடும். இரண்டுக்கும் நடுவே ஆகும் நேரத்தை வைத்துத்தான் நீங்கள் மெதுவாக அடித்தீர்களா, ஓங்கி அடித்தீர்களா என்று கருவி கணக்குப் போடுகிறது. முதல் திட்டு அழுக்காகித் தாமதமாகத் தொட்டால் இடைவெளி குறைந்துவிடும். கருவி அதை ஓங்கி அடித்ததாக எடுத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று தொடவே இல்லை என்றால் கட்டை ஊமை.

கழற்றும் முன் அடிப்பக்க ஸ்க்ரூக்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று நீளங்களில் வரும், நீளமானதைத் தப்பான துளையில் முறுக்கினால் மேல் மூடியைப் பொத்துவிடும். ரப்பர் பட்டையை மெதுவாக உருவி எடுங்கள், கரித் திட்டை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் ஒட்டும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நேராக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கிறார்கள். உப்பு ஆல்கஹாலில் கரையாது என்றே சொல்லலாம். அது தண்ணீரில்தான் கரையும். பஞ்சு உதிராத துணியில் டிஸ்டில்டு வாட்டரைத் தொட்டு, பிழிந்து, போர்டின் கறுப்புத் தடங்களையும் ரப்பர் திட்டுகளையும் ஒற்றி எடுங்கள். பிறகு ஆல்கஹால், ஈரத்தையும் எண்ணெயையும் எடுக்க. அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் காயட்டும். திரும்பப் போடும்போது ரப்பரின் சின்னக் காம்புகள் ஒவ்வொன்றும் துளைக்குள் முழுதாக இறங்க வேண்டும். மழுங்கிய குச்சியால் அழுத்துங்கள். ஒரு காம்பு தூக்கி நின்றாலும் அந்தக் கட்டை இரட்டையாக அடிக்கும். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்ப்ரே எதையும் உள்ளே விடாதீர்கள்.

மிக்சர் ஃபேடருக்குத் தூசியை ஊதி எடுத்த பின், ஃபேடருக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு அளவு அடித்து, மேலும் கீழும் 20, 30 முறை ஓட்டுங்கள். கரகரப்பு போகவில்லை என்றால் உள்ளே கரித்தடம் தேய்ந்திருக்கிறது, ஃபேடரை மாற்றத்தான் வேண்டும்.

கேபிள்கள்தான் நம் கரையில் முதலில் சாகும். மைக் கேபிள் முனையில் இருக்கும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் பிளக்கைத் திறந்து பாருங்கள். சால்டர் வைத்த இடத்தில் பச்சைப் பூஞ்சை போலத் தெரிந்தால் கம்பி உள்ளே கறுத்திருக்கும். உப்பு ஈரம் கம்பியின் இழைகளுக்குள் திரி போல ஏறும். இரண்டு அங்குலம் வெட்டி உரித்துப் பாருங்கள், செம்பு பளிச்சென்று வரும் வரை வெட்டுங்கள். கறுத்த கம்பியில் ஈயம் ஒட்டாது. ஒட்டினது மாதிரி தெரிந்தாலும் மூன்றாவது பாட்டில் விட்டுவிடும். பிறகு மல்டிமீட்டரில் இரு முனையிலும் பின் 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 பாருங்கள். பார்க்கும்போதே கேபிளை வளைத்து ஆட்டிப் பாருங்கள்.

பாக்ஸ்களை ஆம்பில் மாட்டும் முன் மீட்டரில் அளக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய 5.5 முதல் 6.5 வரை காட்டும். ஓபன் (இணைப்பே இல்லை) என்று காட்டினால் ஸ்பீக்கர் காயில் போயிருக்கிறது, அல்லது கேபிள் மாட்டும் ஸ்பீக்கான் சாக்கெட் உள்ளே துரு. கார்ட்லெஸ் மைக்குகளில் பேட்டரியை விட்டு வைத்திருந்தால் இன்றே திறங்கள். ஒழுகியிருந்தால் காடியில் (வினிகர்) தொட்ட காதுக்குச்சியால் துடைத்து, பிறகு டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஆல்கஹால்.

ஒரு விஷயம் அடுத்த மழைக்கும் சேர்த்து. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்து நனையும். மழை மாதங்களில் நம் கரையில் இரவெல்லாம் அதற்கு மேல்தான். அதனால் "காய்ந்த இடத்தில்தானே வைத்தோம்" என்பது உதவாது, துடைத்து வைத்தால்தான் உண்டு. கடைசிக் கச்சேரி முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, கனமான பாலிதீன் உறைக்குள் அரைக் கிலோ நீல சிலிகா ஜெல்லோடு கட்டி வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும்.

---

மிக்சர்மேசை பதில்:

வரி புரியாததற்குக் காரணம் சத்தக் குறைவு அல்ல, தூரமும் காற்றும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். முன்வரிசை 15 அடி, கடைசி வரிசை 120 அடி என்றால் மூன்று இரட்டிப்பு: 18 டெசிபல் இறக்கம். இதை ஈடுகட்ட மேடை பாக்ஸை ஏற்றினால் முன்னால் இருக்கும் பிள்ளைகளும் பெண்களும் காதைப் பொத்துவார்கள், பின்னால் பேஸ் மட்டும்தான் போய்ச் சேரும்.

மேடையிலிருந்து 70 அடியில், இரு ஓரமும் ஒவ்வொரு பாக்ஸ் ஸ்டாண்டில் வையுங்கள். அதற்கு டிலே (ஒலியைத் தாமதித்து அனுப்புவது) கொடுக்காமல் விட்டால் வரி இரண்டாகக் கேட்கும், அதற்கு வைக்காமலே இருக்கலாம். ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 2.9 மில்லிசெகண்ட். 70 அடி என்பது 21.3 மீட்டர், ஆக ஏறத்தாழ 62 மில்லிசெகண்ட். இதோடு 10 சேர்த்து 72 வையுங்கள். அப்போது மேடை ஒலி முதலில் வந்து, பின் பாக்ஸ் அதைத் தாங்கிப் பிடிக்கும். பாட்டு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். பின் பாக்ஸில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அதன் வேலை வரி மட்டும்தான்.

மேடை பாக்ஸின் அடிப்பாகம் 7 அடிக்கு மேல் இருக்கட்டும். தரையில் அடுக்கினால் முதல் நாலு வரிசைத் தலைகளே ட்வீட்டரை (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மறைத்துவிடும். பாடகர் மைக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ கட் (அடி ஒலியை வெட்டுவது), 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கம். எக்கோவைப் பாட்டுக்குப் பாதியாகக் குறையுங்கள், அறிவிப்பாளர் பேசும்போது முழுக்க நிறுத்துங்கள். மைக்குகளுக்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம், வாடைக் காற்று மைக்கில் மோதினால் இடி மாதிரி கேட்கும்.

மேடை எந்தப் பக்கம்? தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். காற்று மேடையிலிருந்து ஜனத்தை நோக்கிப் போனால் ஒலி கீழே வளைந்து அவர்களிடம் சேரும். எதிர்க்காற்றானால் மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும். உங்கள் திடலில் கடலுக்கு முதுகு காட்டி, கோயிலைப் பார்த்து மேடை போடுங்கள். சாமி சந்நிதியைப் பார்த்த மாதிரியும் ஆகும். இதே குழு ஆடியில் அதே திடலுக்குப் போனால் கணக்கு மாறும், அப்போது தென்மேற்குக் காற்று. கீழக்கரை, வாலிநோக்கம் பக்கம் கடல் தெற்கே இருப்பதால் தையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். இடத்துக்கு இடம் நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

தாளக்கட்டு பதில்:

தபேலாவை மறந்துவிட்டீர்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அதற்காக மதிய வெயிலில் வைக்காதீர்கள்; கறுப்பு மருந்து வெடித்து உதிரும். 60 வாட் குண்டு பல்புக்கு ஒன்றரை அடி தள்ளி அரை மணி நேரம் வைத்தால் போதும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே திடலுக்குக் கொண்டுபோய் உறையைத் திறந்து வைத்து, தோல் அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகு சுத்தியலை எடுங்கள். வீட்டிலேயே சுருதி சேர்த்துக்கொண்டு போனால் இரண்டாவது பாட்டில் இறங்கிவிடும். கட்டைகளைத் தட்டுவது பெரிய மாற்றத்துக்கு, ஓர விளிம்பைத் தட்டுவது நுண்ணிய சேர்ப்புக்கு. எதிரெதிர் இடங்களாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். சி ஷார்ப், டி, இ சுருதிகளில் மூன்று தபேலா இருந்தால் பாட்டுக்கு நடுவே சுத்தியல் சத்தம் மைக்கில் கேட்காது.

---

வாடைக்காற்று:

மிக்க நன்றி அண்ணே. ஹம் பற்றி ஒரு கேள்வி: கீபோர்டு அடாப்டரின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் போய்விடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

---

சால்டரிங் பதில்:

கூடவே கூடாது தம்பி. ஈர மணலில் வெறுங்காலோடு நின்று, இரும்பு வலை போட்ட மைக்கை உதட்டில் வைத்துப் பாடுகிறார் ஒருவர். கீபோர்டிலோ ஆம்பிலோ கரண்ட் லீக் வந்தால் அது அவர் வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். எர்த்தை எடுப்பது உயிரோடு விளையாடுவது.

ஹம் வருவது, கீபோர்டு ஒரு லைனிலும் மிக்சர் வேறு லைனிலும் மின்சாரம் எடுத்து, சிக்னல் வயர் வழியாக இரண்டு எர்த்தும் வட்டமாகச் சேர்வதால். சவுண்ட் சாமான் அத்தனைக்கும் ஒரே மின் போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள், லைட்டுக்கு வேறு ஃபேஸ். கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வைத்து, அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். அது சிக்னல் வயரின் உறையை மட்டும்தான் பிரிக்கும், பாதுகாப்பு எர்த் அப்படியே இருக்கும்.

ஜெனரேட்டர் எர்த் கம்பியை மேல் மணலில் ஒரு முழம் செருகிவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறது. காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. கீழே உப்புத் தண்ணீர் ஊறிய மணல் தட்டுப்படும் வரை அடித்து இறக்குங்கள், கிளாம்ப் கவ்வும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் ஜெனரேட்டர் அருகே ஒரே ஒரு இடத்தில் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் லீக் வந்தாலும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (லீக் வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) விழாது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் விழும். அதைப் பார்த்து நம்பி ஏமாறக் கூடாது. இந்த இணைப்பை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள். உங்கள் குழுவுக்கு 15 கேவிஏ தாராளம்.

---

திருவிழாக்கமிட்டி பதில்:

சவுண்டைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஜனம் வருவதும் இருப்பதும் தேதியிலும் நேரத்திலும் இருக்கிறது.

பாக் நீரிணைப் பக்கம் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள். ஊரில் எந்தப் படகு அதிகமோ, அது கடலுக்குப் போகாத இரவைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். தை அமாவாசை அன்று வேண்டாம், தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வரும் கூட்டத்தில் உங்கள் வேன் வந்து சேராது. ரம்ஜான் நோன்பு ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகர்ந்து வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது மைக்கை நிறுத்துவது நம் பக்கத்து மரியாதை. பங்குனி மாதக் கச்சேரி என்றால் பொதுத்தேர்வு நாள்களை விட்டுத் தேதி கொடுங்கள்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது; அரசு தனியாக விலக்கு கொடுக்கும் விழா நாள்கள் வேறு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவித்திருக்கலாம். ஆகவே 9:45-க்கு முடிகிற மாதிரி 6:30-க்குத் தொடங்குங்கள். பாட்டு ஐந்து நிமிடம், அறிவிப்பு ஒரு நிமிடம் என்று போட்டால் 30 பாட்டுக்கு மேல் எழுதாதீர்கள். 40 எழுதிவிட்டுக் கடைசியில் ஜனம் காத்திருந்த பாட்டை வெட்டுவதுதான் மிகவும் தப்பான காரியம். பிள்ளையாரில் தொடங்கி, அம்மனுக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று, நாகூராருக்கு ஒன்று. ஏழு மணிக்குப் பெண்கள் சமையலை முடித்துவிட்டு வந்து உட்காரும் நேரம், பழைய மெலடிகளை அங்கே வையுங்கள். குத்துப்பாட்டு எட்டரைக்கு மேல்.

திடலில் முதல் நாளே சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கச் சொல்லுங்கள். உட்கார இடம் பயமாக இருந்தால் குழந்தையோடு யாரும் இருக்க மாட்டார்கள். நாற்காலிக் கால் மணலில் புதையும், அதற்குத் தார்ப்பாய் விரித்து அதன்மேல் போட வேண்டும். வயதானவர்களுக்கு நாற்காலி ஓரங்களில், நடுவில் பாய். நடுவில் நாற்காலி போட்டால் பின்னால் பாயில் இருப்பவருக்கு மேடை தெரியாது. பின்பக்கம் இரண்டு லைட் எரியட்டும், இருட்டில் பின்வரிசைதான் முதலில் கலையும்.

---

வாடைக்காற்று:

கடலுக்கு முதுகு காட்டிப் போட்டால் காற்று முழுவதும் பின்னால் கட்டும் ஃபிளக்ஸில் அல்லவா அடிக்கும்? 20-க்கு 10 அடி கட்டச் சொல்கிறார்கள்.

---

மிக்சர்மேசை பதில்:

கட்டாதீர்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் அந்த அளவு ஃபிளக்ஸ் மேல் சுமார் 115 கிலோ தள்ளுவிசை விழும். 54 கிலோமீட்டர் ஆனால் 250 கிலோவைத் தாண்டும். பாய்மரம் விரித்த மாதிரிதான், சவுக்குக் கம்போடு மேடை மேலேயே சாயும். பின்பக்கம் பச்சை நிழல் வலையை இரண்டு மடிப்பாக, மேடைத் தட்டிலிருந்து ஐந்தடி தள்ளித் தனிக் கம்பில் கட்டுங்கள். காற்று ஊடே போகும், உப்புத் துளியைப் பெரும்பாலும் வலை பிடித்துக்கொள்ளும். பெயர்ப் பலகையை 6-க்கு 3 அடியில் மேடையின் நெற்றியில் வையுங்கள். ஆம்ப் ரேக்கை மேடையின் வடகிழக்கு மூலையில் வைக்காமல் எதிர் மூலைக்கு மாற்றி, பின்பக்க ஃபேன் காற்று வரும் திசையைப் பார்க்காதபடி திருப்புங்கள். கச்சேரி முடிந்ததும் உறை போடும் முன் ஒருமுறை துடையுங்கள்; உறைக்குள் பூட்டிய உப்பு, வேன் ஊர் போய்ச் சேருவதற்குள் வேலையைத் தொடங்கிவிடும்.