கடைசியில் 2 மிஞ்சுமா?

போன மாரியில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். 2016ஆம் ஆண்டு கனடியக் கணித ஒலிம்பியாட்டின் முதலாவது கேள்வி. பலகையில் 1 முதல் 2016 வரை எண்கள் இருக்கின்றன. விரும்பிய இரண்டை அழித்துவிட்டு, அவற்றின் சராசரியை ஒரேயொரு தடவை எழுதலாம். 2015 தடவை இப்படிச் செய்தால் ஒரு எண்தான் மிஞ்சும். அது 2 ஆக வரும்படி செய்யலாம் என்று நிறுவ வேண்டும்.

"இது நடக்காத காரியம். சராசரிக்குச் சராசரி எடுத்தால் சராசரிதானே? எப்பிடிச் செய்தாலும் 1008.5தான் வரும்" என்றேன். இருபது வருசமாகக் கணக்குப் புத்தகங்களோடு இருக்கிறவன் நான். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

"நாலு எண்ணோட செய்து பாருங்கோ அப்பா" என்று பழைய தபால் உறையைக் கிழித்து 1, 2, 3, 4 என்று எழுதித் தந்தாள். நான் 1, 2ஐச் சேர்த்து 1.5, 3, 4ஐச் சேர்த்து 3.5, பிறகு 2.5. நான் சொன்னதுபோலவே வந்தது. அவள் அதே எண்களைத் திரும்ப எழுதினாள். 2ஐயும் 4ஐயும் எடுத்து 3 எழுதினாள். இப்போது இரண்டு 3கள். அவை சேர்ந்து ஒரு 3. மிச்சம் 1, 3. விடை 2.

கொஞ்ச நேரம் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டை எடுத்து ஒன்றைத்தான் வைக்கிறோம் என்பதை நான் யோசிக்கவேயில்லை. முதலில் சேர்ந்தவை ஒவ்வொரு சுற்றிலும் பாதி பாதியாகத் தேய்கின்றன. கடைசிவரை தொடாமல் விட்ட எண் விடையில் சரிபாதியைப் பிடித்துக்கொள்கிறது. 1ஐக் கடைசிக்கு வைத்தால் 2016க்குப் பலமே இல்லை.

பிறகு பெரிய கணக்கும் வழிக்கு வந்தது. 2014, 2016 சேர்ந்து 2015. இரண்டு 2015கள் சேர்ந்து ஒரு 2015. இப்போது 1 முதல் 2013 வரையும், தனியாக ஒரு 2015உம். 2013ஐ அதனுடன் சேர்த்தால் 2014. 2012ஐ அதனுடன் சேர்த்தால் 2013. இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கி, முடிவில் 1உம் 3உம். கேள்வியின் அடுத்த பகுதி 1000 வரவேண்டும் என்கிறது. அதற்கு இரண்டு பக்கத்தாலும் இதே மாதிரிச் சுருக்கி 998, 1000, 1002இல் நிறுத்தினால் போதும்.

இரவு படுத்த பிறகும் விடவில்லை. 2க்குக் கீழே போகலாமா? நாலு எண்ணில் மேலிருந்து வரிசையாகச் சேர்த்தேன்: 3.5, 2.75, 1.875. எண்கள் கூடக்கூட அந்த முடிவு 2ஐ நெருங்குகிறது, தொடுவதில்லை. விடியவே மகளை எழுப்பிக் காட்டினேன்.

*

மேலே எழுதியவரின் அனுபவத்தைப் படித்ததும் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் செய்தது இதன் இன்னொரு வடிவம்: இரண்டு எண்ணையும் அழித்து, இரண்டு இடத்திலும் சராசரியை எழுதுவது. இங்கே மொத்தம் மாறாது. மூன்று டம்ளர், ஒன்றில் மட்டும் 240 மில்லி தண்ணீர். இரண்டிரண்டாக எடுத்துச் சமமாக்கிக்கொண்டே போனால் மூன்றிலும் 80 வருமா?

"கண்டிப்பா வரும் மிஸ்" என்று மொத்த வகுப்பும் சொன்னது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தோம். 120, 120, 0. அப்புறம் 120, 60, 60. அப்புறம் 90, 90, 60. அதற்கடுத்து 90, 75, 75. பிறகு 82.5, 82.5, 75. பக்கத்தில் பக்கத்தில் வருகிறது, 80 மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதியாக்குவதால் எந்த டம்ளரின் பங்கையும் பின்னமாக எழுதினால் கீழே 2, 4, 8, 16 என்றுதான் நிற்கும். மூன்றில் ஒன்று அதில் கிடைக்காது. இதை நான் சொல்லவில்லை, கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு பெண் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே எழுந்து வந்து நாலாவது டம்ளரை வைத்தாள். ஒன்றில் மட்டும் 240 என்று முதலிலிருந்து தொடங்கினோம். மூன்றே தடவையில் நாலிலும் 60.