தனித்தனியாகச் சரியாக இருக்கும் இரண்டு புராசஸ், சேர்த்தால் நின்றுவிடுகிறது. முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

கோத்தகிரி_இலை:
வணக்கம் நண்பர்களே. பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜென்ட்டுகளுக்கும் ஒரு பேக்டரிக்கும் நடுவில் ஓடும் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏஜென்ட் "இத்தனை கிலோ வருகிறது" என்று அனுப்புவார், பேக்டரி டிரஃபில் (இலையை வாட வைக்கும் நீளமான தொட்டி) இடம் பார்த்து லாரிக்கு ஒரு நேரம் கொடுக்கும், லாரி கேட்டுக்கு வந்ததும் ஏஜென்ட் "வந்தாச்சு" அனுப்புவார், எடை போட்டு முடிந்தது. அரை மணி நேரத்தில் பதில் வராவிட்டால் அவர் ரத்து அனுப்பிவிட்டு வேறு பேக்டரிக்குப் போகலாம், ஏனென்றால் சாக்கில் அமுக்கிய இலை காத்திருக்காது, சூடேறிச் சிவந்துவிடும்.

இரண்டு பக்கத்தையும் பிபிஎம்என்-இல் (வேலை நடக்கும் முறையை வரைபடமாகப் போடும் குறியீடு) தனித்தனிப் பூலாக, அதாவது ஆளுக்கொரு கட்டமாக வரைந்து, தனித்தனியாகச் சோதித்தேன். இரண்டுமே சரி. ஆனால் போன ஐப்பசி மழையில் கட்டபெட்டுப் பக்கம் நெட்வொர்க் விட்டு விட்டு வந்த ஒரு நாளில், பேக்டரி கொடுத்த நேரமும் ஏஜென்ட் அனுப்பிய ரத்தும் வழியில் ஒன்றையொன்று கடந்து போய்விட்டன. ஏஜென்ட் வேறிடம் போய்விட்டார், பேக்டரி பக்கமோ வராத லாரிக்கு டிரஃப் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு மட்டும் ஏழு லாரி இப்படி. பின்னால் கேட்டவர்களுக்கெல்லாம் "இடம் இல்லை" என்று பதில் போயிருக்கிறது, டிரஃப் காலியாகத்தான் கிடந்தது. காலையிலிருந்து நனைந்துகொண்டே பறித்த இலை சாயங்காலம் ரோட்டோரத்தில் வீணாய்ப் போனதை நின்று பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. இதை ஓடவிடுவதற்கு முன்பே, வரைபடத்தை வைத்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

குன்னூர்_பனி:
உண்டு, தம்பி. நீங்கள் தனித்தனியாகச் சோதித்ததுதான் போதாமல் போயிருக்கிறது. பெட்ரி வலை என்று ஒன்று, 1962-இல் கார்ல் ஆடம் பெட்ரி தன் ஆய்வேட்டில் அடித்தளம் போட்டது. காத்திருக்கும் நிலைக்கு வட்டம், நடக்கும் செயலுக்குக் கட்டம், இப்போது எங்கே நிற்கிறோம் என்பதற்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி. ஒரு கட்டத்துக்குள் வரும் எல்லா வட்டத்திலும் புள்ளி இருந்தால்தான் அது நடக்கும். உங்கள் இரண்டு பூலையும் இப்படி வரைந்து, ஒவ்வொரு மெசேஜுக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டு ஒட்டுங்கள்.

இப்போது உங்கள் மழை நாளை அதில் ஓட்டிப் பாருங்கள். ஏஜென்ட் கடைசி வட்டத்துக்குப் போய்விட்டார். "ரத்து" வட்டத்தில் ஒரு புள்ளி, யாரும் படிக்கவில்லை. "நேரம்" வட்டத்தில் ஒரு புள்ளி, அதையும் யாரும் படிக்கவில்லை. பேக்டரி "வந்தாச்சு"-க்காக நிற்கிறது. எந்தக் கட்டமும் நடக்க முடியாது. டெட்லாக் என்பது இதுதான். வான் டெர் ஆல்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1990களில், ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உள்ள பெட்ரி வலைக்கு, அதாவது ஒர்க்ஃப்ளோ வலைக்குச் 'சவுண்ட்னெஸ்' என்று வைத்த விதி: எங்கே நின்றாலும் முடிவுக்குப் போக வழி இருக்க வேண்டும், முடிவு வட்டத்தில் புள்ளி விழுந்தபோது வேறெங்கும் புள்ளி மிஞ்சக் கூடாது, ஒருபோதும் நடக்கவே முடியாத கட்டம் இருக்கக் கூடாது. உங்களுடையவை தனியாக இதில் தேறும், ஒட்டியபின் தேறாது.

திருத்தம்: நேரம் கொடுத்தபின் பேக்டரி "வந்தாச்சு" அல்லது "ரத்து", எது முதலில் வந்தாலும் எடுக்க வேண்டும், பிபிஎம்என்-இல் இப்படி முதலில் வருவதைப் பொறுத்துப் பிரியும் இடத்துக்கு ஈவென்ட் பேஸ்டு கேட்வே என்று பெயர். அது மட்டும் போதாது, ஏஜென்ட் ரத்து அனுப்பியவுடன் முடித்துவிட்டால் "நேரம்" புள்ளி அங்கேயே கிடக்கும். அவரும் ரத்துக்குப் பிறகு "நேரம்" அல்லது "ரத்து ஏற்கப்பட்டது" இரண்டில் ஒன்று வரும்வரை இருக்க வேண்டும். நேரம் கொடுப்பதற்கு முன்பே ரத்து வந்தால் பேக்டரி "ஏற்கப்பட்டது" அனுப்பட்டும், கொடுத்த பிறகு வந்தால் பேசாமல் முடித்துக்கொள்ளட்டும். எப்படியும் ஏஜென்ட்டுக்கு ஒரே ஒரு பதில்தான் வரும்.

பைக்காரா78:
மேலே சொன்னது சரி. இரண்டு விஷயம் மட்டும். வட்டத்துக்குள் கிடக்கும் புள்ளிகளுக்கு முன்பின் வரிசை கிடையாது. இது உங்களுக்கு நல்லது, ஏனென்றால் மலையில் போன் தேக்கி வைத்து அனுப்பும் மெசேஜ்கள் அனுப்பிய வரிசையில்தான் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மெசேஜ்கள் எல்லையில்லாத கியூவில் வரிசையாக நிற்கும் என்று வைத்துக்கொண்டால், டெட்லாக் வருமா என்பதைப் பொதுவாகக் கணக்கிட்டே சொல்ல முடியாது, 1983-இல் பிராண்டும் சாஃபிரோபுலோவும் காட்டியது. உங்கள் வலையில் வட்டத்துக்கு அதிகபட்சம் ஒரு புள்ளி, எல்லா நிலையையும் எண்ணியே பார்த்துவிடலாம். வோபெட் என்ற இலவச மென்பொருளே போதும்.

அப்புறம், புள்ளிகளுக்கு முகம் கிடையாது. ஒரே ஏஜென்ட் ஒரே நாளில் இரண்டு லோடு அனுப்பினால் எந்த ரத்து எந்த லோடுக்கு என்று வலை சொல்லாது. லோடு எண்ணை ஒவ்வொரு மெசேஜிலும் வையுங்கள்.

கோத்தகிரி_இலை:
ரொம்ப நன்றி அண்ணா, ராத்திரி உட்கார்ந்து தாளில் போட்டேன், ஓடுகிறது. ஆனால் "இடம் இல்லை" என்ற பதிலை மறந்துவிட்டோம். பேக்டரி அதை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்கிறது, அதே நேரத்தில் ரத்து கிளம்பியிருந்தால் அது படிக்கப்படாமல் கிடக்கிறது. பேக்டரியைக் காத்திருக்க வைக்கலாம் என்றால், ரத்து வருமா வராதா என்று அதற்குத் தெரியாதே?

குன்னூர்_பனி:
அருமையாகப் பிடித்தீர்கள், நான் கவனிக்கவே இல்லை. "இடம் இல்லை" கிடைத்ததும் ஏஜென்ட் "சரி" என்று ஒரு மெசேஜ் அனுப்பட்டும். பேக்டரி "சரி" அல்லது "ரத்து", எது வருகிறதோ அதைப் படித்து முடிக்கட்டும். ரத்து ஏற்கெனவே போய்விட்டிருந்தால் ஏஜென்ட் "சரி" அனுப்பக் கூடாது, "இடம் இல்லை"-யைப் படித்துவிட்டு முடித்துக்கொள்ள வேண்டும்.

கோத்தகிரி_இலை:
"சரி" வட்டத்தையும் சேர்த்து வோபெட்டில் ஓட்டினேன். எந்த வழியில் போனாலும் முடிவில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. நாளைக் காலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு பேக்டரிக்குப் போகிறேன்.