வீட்டுக் கணினிக்கு எந்த டிவிடி, புளூரே டிரைவ்களைப் பொருத்தலாம்?

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன். என் தந்தையார் சுற்றுவட்டார ஊர்களில் பதிவு செய்த நாட்டுப்புறப் பாடல்களும் எங்கள் குடும்பத் திருமணக் காட்சிகளும் ஏறத்தாழ 200 சிடி, டிவிடிகளில் உள்ளன. சிலவற்றின் விளிம்பில் வெள்ளிப் பூச்சு பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருப்பதைச் சென்ற வாரம் கண்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. இப்போதுள்ள டிரைவ், தட்டை உள்வாங்கி நெடுநேரம் சுழற்றிவிட்டு, எதையும் படிக்காமலே வெளியே தள்ளிவிடுகிறது.

என் கணினிப் பெட்டியில் 5.25 அங்குல இடங்கள் இரண்டும், மதர்போர்டில் டிரைவ்களை இணைக்கும் சாட்டா இணைப்புகள் இரண்டும் காலியாக உள்ளன. எனவே, கீறல் விழுந்த தட்டுகளைப் படிக்க ஒரு டிவிடி ரைட்டரும், படித்தவற்றை 25 ஜிபி தட்டுகளில் எழுதி வைக்க ஒரு புளூரே ரைட்டருமாகத் தனித்தனியே பொருத்த எண்ணுகிறேன். புளூரே டிரைவே சிடி, டிவிடி இரண்டையும் படிக்கும் என்றாலும், விலை கூடிய அதனை இத்தனை பழைய தட்டுகளுக்காகத் தேயவிட மனம் வரவில்லை. இந்த ஏற்பாடு சரிதானா?

டவுன் ஹால் ரோட்டில் விசாரித்தபோது, யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவையே எடுத்துக் காட்டினார்கள். பழுதான தட்டுகளைப் படிப்பதில் அதற்கும் உள்ளே பொருத்தும் முழு அளவு டிரைவுக்கும் வேறுபாடு உண்டா என்பதை, இரண்டையும் பயன்படுத்தியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். எழுதக்கூடிய சாதாரண சிடி, டிவிடிகளில் பதிவைத் தாங்கும் சாயம் வெப்பத்தில் கெடும் என்பதால், நம் ஊர் வெயிலுக்கு எம்-டிஸ்க் என்னும் நெடுங்காலம் தாங்கும் வகைத் தட்டுகளில் எழுதும் டிரைவாக வாங்குவது நல்லதா? புதிய சாட்டா டிரைவ் மதுரையில் எங்கே கிடைக்கிறது என்றும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.