சின்னத் தழும்புதான், ஆனா அதே முட்டி

ஈசூன்வாசி:
அம்மாவுக்கு 68 வயசு. இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் மீன் கடை வரைக்கும் வருவார், அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து, ஒருவழியாகப் போன வருஷம் அறுவை சிகிச்சையில் வலது முட்டியை மாற்றினோம். "சின்னதா வெட்டித்தானே செய்றாங்க, ரெண்டு நாள்ல சமைக்கலாம்" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதை நம்பித்தான் அம்மா தலையாட்டினார்.

டாக்டர் சொன்னது வேறு. பழைய முறையில் 20, 25 சென்டிமீட்டர் கிழிப்பார்களாம், இந்தச் சின்ன வெட்டு முறையில் 10 முதல் 15. ஆனால் தோல் பெரிய விஷயமில்லை, தொடைத் தசைநாரை வெட்டாமல் தசையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு உள்ளே போவதுதான் இதில் சூட்சுமம். அதனால் ஆரம்பத்தில் காலைத் தூக்குவது கொஞ்சம் சுலபம். உள்ளே எலும்பைச் சீவி உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவது அதேதான், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே உடற்பயிற்சி சிகிச்சையாளர் வந்து "வாக், ஆன்ட்டி, வாக்" என்று எழுப்பி நிறுத்தினார். அம்மா அழுதே விட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் வீக்கம் வடிய, உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி முட்டியில் வைப்போம். "அந்தப் பட்டாணியக் குருமாவுல போட்றாத" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. காலை மடக்கும் பயிற்சிதான் உண்மையான அறுவை சிகிச்சை என்பேன் நான்.

பொங்கோல் அண்ணன்:
எனக்கு அந்தச் சின்ன வெட்டு கிடைக்கவில்லை. கால் நன்றாக வளைந்திருந்தது, உடம்பும் கனம். சின்னத் துவாரம் வழியாகச் செய்தால் மூட்டு கோணலாக உட்கார்ந்துவிடலாம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். தழும்பு சரியாக ஒரு சாண். அன்றைக்குக் கோபம்தான், ஆனால் இந்தத் தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் மகனுடைய காவடிக்குப் பின்னாலேயே நடந்தேன், நின்று நின்றுதான்.

செங்காங் மீனா:
அம்மாவால் தரையில் உட்கார முடிகிறதா?

ஈசூன்வாசி:
இல்லை அக்கா. சாமி படத்துக்கு முன்னால் இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் நிரந்தரமாக இருக்கிறது.