மாத்தளைக் கல்குவாரிக்கு மீன் தேடிப் போன கதை

மேலே இரத்தினபுரிக்காரர் ஒருவர் மாணிக்கக் குழியில் கிடைத்த பழங்கால மிருகத்தின் பல்லைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும், கல்லாகிப்போன மீனை, அதாவது மீன் புதைபடிவத்தை, தேடிப்போன நம்ம கதையையும் போட்டுவிடலாம் என்று தோன்றியது. எங்களுக்குப் பல்லும் கிடைக்கவில்லை, மீனும் கிடைக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி குடும்பம் டென்வரில் இருக்கிறது. இந்த முறை லீவுக்கு ஹட்டன் வந்தபோது மருமகள், அதாவது தங்கச்சியின் மகள், துணியில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலகைக் கல், வெளிறிய நிறம், அதன்மேல் கபில நிறத்தில் ஒரு மீன். முள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, விரலால் தடவினால் முதுகெலும்பு லேசாகத் தட்டுப்படுகிறது. நைட்டியா என்று பெயராம், நம் சாளை, சூடைக்கெல்லாம் தூரத்துச் சொந்தம், வயது 5 கோடி ஆண்டுக்கும் மேல். அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "கருவாடு மாதிரில்ல இருக்கு" என்றார். வேறு யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

வயோமிங் மாநிலத்தில் கெமரர் என்று ஒரு சின்ன ஊர், அதன் பக்கத்தில்தான் இதைத் தோண்டியிருக்கிறார்கள். நுவரெலியாவைவிட உயரமான இடம், ஆனால் பச்சையே இல்லாத வறண்ட மேடு, பனி விழாத மாதங்களில் மட்டும்தான் வேலை நடக்கும் என்றார் மச்சான். ஒரு காலத்தில் அங்கே பெரிய ஏரி இருந்திருக்கிறது. செத்த மீன் அடியில் விழ, அதன்மேல் சுண்ணாம்புச் சேறு மெல்லிய மெல்லிய படையாகப் படிந்து மூட, கலைக்க ஆளில்லாமல் அப்படியே கல்லாகிவிட்டது. இப்போது அந்தக் கல்லைத் தனியார் குவாரிகளில் காசு கட்டிக் குடும்பமாகப் போய்ப் பிளக்கலாம், உளியும் சுத்தியலும் அவர்களே தருவார்கள், நைட்டியா மாதிரி சாதாரண மீன் என்றால் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். பக்கத்திலேயே ஃபாசில் பியூட் என்று 1972 முதல் அரசு பாதுகாக்கிற இடமும் இருக்கிறது, அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்க முடியாது. மருமகள் உளியைப் பிடித்துக் காட்டினாள்: பலகையின் ஓரத்தில் முடி போல ஒரு கோடு தெரியும், அதன்மேல் உளியை வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வரவேண்டும், திடீரென்று இரண்டாகத் திறக்கும், திறந்ததும் ஒரு மண்ணெண்ணெய் வாசம் வரும். வாயில் இன்னொரு மீனைக் கவ்வியபடியே செத்துப்போன மீனும் அந்தக் கற்களில் கிடைத்திருக்கிறதாம். விழுங்க முடியாமல் தொண்டையில் மாட்டிக்கொண்டதோ என்னவோ. என் மகனுக்கு அன்றிரவு தூக்கமே இல்லை.

"நாமளும் தோண்டுவோம்" என்று மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். அதற்கு எண்ணெய் ஊற்றியது அப்பா. "மீன் இருக்கிறது சுண்ணாம்புக் கல்லுலதானே, மாத்தளையில அது மலை மலையா கெடக்கே" என்றார். அவர் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கவ்வாத்து வெட்டி முடிந்த தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட் தூள், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் தூள், அந்தப் பக்கமிருந்துதான் லொறியில் வரும், அதனால் மாத்தளைக் கல் அவருக்குப் பழைய பழக்கம். பேராதனையில் புவிச்சரிதவியல், அதாவது பாறைகளைப் பற்றிய படிப்பு, படித்த நண்பர் ஒருவருக்கு ஃபோன் போட்டேன். சிரித்தார். "மீன் கிடைக்கவே கிடைக்காது, ஆனா கூட்டிட்டுப் போ, கல்லு அழகா இருக்கும்" என்றார். சரி என்று கிளம்பிவிட்டோம்.

வேன் பிடித்து, நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, அக்குறணை என்று ஏறி இறங்கி, மாத்தளை முத்துமாரியம்மனையும் கும்பிட்டுவிட்டுக் குவாரிக்குப் போய்ச் சேரப் பகல் ஆகிவிட்டது. பழக்கமான லொறி டிரைவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெடி வைப்பதும் இல்லை, மெஷினும் ஓடவில்லை. அங்கிருந்த பாஸ் நல்ல மனுஷன். நாங்கள் மீன் தேடி வந்திருக்கிறோம் என்று மச்சான் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னதும் அவர் எங்களையும் குவாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கீழே ஆறு இருக்கிறதே, தூண்டில் கொண்டுவரவில்லையா என்று கேட்டார்! அப்புறம் ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தார். வெட்டிய முகப்புக்குக் கிட்டே பிள்ளைகள் போகக்கூடாது, கழித்துக் கொட்டியிருக்கிற குவியலில் மட்டும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார்.

மருமகள் கெமரரில் பழகின மாதிரியே ஒரு கல்லைத் தூக்கி ஓரமெல்லாம் பார்த்தாள். கோடு இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. அடித்தால் கல் அதன் இஷ்டத்துக்கு உடைந்தது, படை படையாகத் திறக்கவே இல்லை. ஆனால் உடைந்த முகம் இருக்கிறதே, வெயிலில் பிடித்துக் கொஞ்சம் திருப்பினால் ஒவ்வொரு மணியும் தன் முறை வரும்போது மட்டும் பளிச்சென்று மின்னி அணைகிறது. நடுநடுவே தேன் நிறத்தில் மைக்காத் தகடு, நகத்தால் நெம்பினால் இதழ் இதழாக வருகிறது. ஒன்றில் பச்சையும் நீலமும் கலந்த சின்ன மணிகள், நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு அபடைட் என்ற கனிமமாக இருக்கும் என்றார். இன்னொன்றில் கறுப்புப் புள்ளிகள், தொட்டால் விரலில் பென்சில் கரி, அது காரீயம், பென்சிலில் இருக்கிற கிராஃபைட். மகன் அதை என் தங்கச்சியின் நெற்றியில் பூசிவிட்டு ஓடிவிட்டான்.

மீன் ஏன் இல்லை என்பதை நண்பர் ஃபோனிலேயே பிள்ளைகளுக்குச் சொன்னார். மாத்தளைக் கல்லும் ஆதியில் கடலடியில் படிந்த சுண்ணாம்புதான். அப்புறம் கண்டங்கள் மோதி இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்ட காலத்தில், ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் மலைநாட்டுப் பாறை முழுக்கப் பூமிக்கு அடியில் போய் 800 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்து வந்திருக்கிறது. சுண்ணாம்பு மணிகள் எல்லாம் புதிதாகக் கட்டி வளர்ந்து பளிங்காகிவிட்டன, படையும் இல்லை, கோடும் இல்லை. வேகாமல் இருந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் அந்தச் சுண்ணாம்பு படிந்த காலத்தில் உலகத்தில் மீன் என்ற ஒன்றே வந்திருக்கவில்லை. இதைக் கேட்டதும் அப்பா, "அப்ப நம்ம மலைக்குப் போட்ட தூளு மீனுக்கே மூத்ததா?" என்றார், அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட பிறகு மச்சான் வினாகிரிப் போத்தலை எடுத்தார். டொலமைட் கல்லின்மேல் ஊற்றினால் சும்மா நனைகிறது, அதையே சுத்தியலால் இடித்துத் தூளாக்கி ஊற்றினால் மெதுவாக நுரை விடுகிறது. மக்னீசியம் கலக்காத வெறும் கல்சைட் துண்டு கிடைத்தால் இடிக்காமலே நுரைக்கும், அப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பதில்தான் பிள்ளைகளுக்கு மீதி நேரம் போனது. போத்தல் காலி. அம்மா அதை அச்சாறு போட வாங்கி வைத்திருந்தாராம், அந்தப் பஞ்சாயத்து தனி.

பிள்ளைகளோடு இப்படிப் போவதைப் பற்றிக் கீழே கேட்டவர்களுக்கு:

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இந்தக் கல் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது, ஹெல்மெட் மட்டும் போதாது. சொல்லாமல் கொள்ளாமல் எந்தக் குவாரிக்குள்ளும் பிள்ளைகளோடு போகாதீர்கள்.

மலைநாட்டில் எங்கேதான் புதைபடிவம் கிடைக்கும் என்று கேட்டவருக்கு, நண்பர் சொன்னது: பாறையை விடு, பள்ளத்தாக்கு மண்ணைப் பார். பாறைதான் வெந்த பாறை, அதன்மேல் ஆறு கொண்டுவந்து போட்ட சரளையும் களியும் மிகவும் பிந்தியவை. அதனால்தான் இரத்தினபுரிக் குழிகளில் இல்லத்துக்கு, அதாவது மாணிக்கம் கிடைக்கிற சரளைப் படைக்கு, தோண்டும்போது நீர்யானை, காண்டாமிருகம் எல்லாம் எலும்பாகவும் பல்லாகவும் வருகின்றன. இரண்டும் இன்றைக்கு இலங்கைக் காட்டில் கிடையாது. இரத்தினபுரிக்குப் பக்கத்துக் குருவிட்டயில் கிடைத்த பல்லை வைத்துத்தான் விலங்கியல் அறிஞர் பி. இ. பி. தெரணியகல 1939இல், இப்போது அழிந்துபோன இலங்கைச் சிங்கத்துக்குப் பெயர் வைத்தார். குழியில் இறங்க வழியில்லாதவர்கள் இரத்தினபுரியில் எஹெலபொல வளவு என்ற பழைய மாளிகையில் இருக்கிற நூதனசாலைக்குப் போனால் இவற்றில் சிலவற்றைக் கண்ணால் பார்க்கலாம். மீனோ கடல் சங்கோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் வேகாத கல், நம்முடையதைவிட மிக மிக இளசு, அதில் சிப்பி பதிந்த அடையாளம் சாதாரணமாகவே தெரியும்.

மகன் இப்போது நீர்யானைக்கு மாறிவிட்டான். இரத்தினபுரிக்காரரே, குருவிட்ட பக்கம் பிள்ளைகளை ஓரமாக நிற்கவிட்டு இல்லம் கழுவிக் காட்டக்கூடிய யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். குழிக்குள் இறக்கமாட்டேன், வட்டிக் கூடையில் அரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், மாணிக்கம் வந்தால் அது உங்களுக்கே, பல் வந்தால் மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறோம்.