மறுமொழி: ‘தொற்று இடர் மதிப்பெண்’ சரியா? வெள்ளிக்கிழமை அச்சு

வணக்கம். இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களின் குடும்பத்தாருக்காக ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே போயிருக்கும்போது காய்ச்சல் வந்தால், யாரை வார்டில் சேர்ப்பது, யாருக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர்கள் முடிவெடுக்க ‘மாஸ்க்’ (MASCC) என்ற கணக்கு (முகக்கவசம் இல்லை) உதவுகிறது. அதற்கு ‘தொற்று இடர் மதிப்பெண்’ என்று போட்டிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.
– பிரிக்ஃபீல்ட்ஸ்

தங்கச்சி, ‘இடர்’ வேண்டாம். நெடுங்களத்தில் சம்பந்தர் ‘இடர்களையாய்’ என்று கேட்டது வந்து சேர்ந்துவிட்ட துன்பத்தை. முளைத்ததைத்தானே களைய முடியும்? நீங்கள் சொல்வதோ இன்னும் வராதது, வரக்கூடியது. இடறு, இடுக்கண், இடும்பை எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள், எதிலும் ‘வரலாம்’ என்ற பொருள் இல்லை. ‘ஏதம்’ (கேடு) நல்ல தமிழ், சின்னச் சொல்லும்கூட.
– பட்டர்வொர்த்

ஐயா, ‘ஏதம்’ என்றால் எங்கள் வார்டில் ஒருவருக்கும் புரியாது. மின் துணைநிலைய வேலியில் ‘அபாயம்’ என்று எழுதியிருப்பதைச் சின்னப் பிள்ளைகூடப் படித்துவிட்டு ஒதுங்கிப் போகிறது, வடமொழியாக இருந்தால் இருக்கட்டும். எனக்குப் பெரிய கவலை வேறு. இந்தக் கணக்கில் மொத்தம் 26. 21ம் அதற்கு மேலும் வாங்கியவருக்குத்தான் ஆபத்து குறைவு. இரத்த அழுத்தம் இறங்காமல் இருந்தால் 5, உடம்பில் நீர் வற்றாமல் இருந்தால் 3, வயது 60க்குள் என்றால் 2 என்று நல்லதுக்குத்தான் எண் கூடுகிறது. ‘அப்பாவுக்கு இடர் மதிப்பெண் 24’ என்று மகள் படித்தால் என்ன நினைப்பாள்? ‘காப்பு மதிப்பெண்’ என்று வையுங்கள் அக்கா.
– ஜார்ஜ்டவுன், தாதி

‘காப்பு’ என்றால் கையில் போடுவது, இல்லையென்றால் நூலின் முதல் பாட்டு. நோயாளி குழம்புவார்.
– பட்டர்வொர்த்

சரி, எல்லாருக்கும் புரியும்படி ‘தொற்று அபாயக் கணிப்பு’ என்றே போகிறது, அதன் கீழேயே தடித்த எழுத்தில் ‘எண் கூடினால் அபாயம் குறைவு’. அப்புறம், 38.3 பாகை ஒரு தடவை காட்டினாலும், 38 ஒரு மணி நேரம் நீடித்தாலும், எண்ணை யோசிக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்பதை முதல் பக்கத்துக்கே கொண்டு வந்துவிட்டேன்.
– பிரிக்ஃபீல்ட்ஸ்

முதல் பக்கம் மிகச் சரி. ‘அபாய’த்துக்கு மட்டும் என் ஒப்புதல் இல்லை, குறித்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பில் ‘ஏதம்’ பற்றி மீண்டும் எழுதுவேன்.
– பட்டர்வொர்த்